மேசை ரம்பத்துக்கு வாய்ப்பலகை: ஒரு நூலுக்கு மேல் இடைவெளி வேண்டாம்

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். கடைக்குப் போனால் இந்த மிஷினை டேபிள் சா என்று சொல்லித்தான் கேட்கவேண்டும். எழுதும்போது மட்டும் ‘டேபிள் சாவுக்கு’ என்று வந்து நிற்கிறது. படிக்கிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் மேசை ரம்பம் என்றே எழுதுகிறேன். மேசை நடுவில் பிளேடு தலைகாட்டுகிற திறப்பை மூடியிருக்கும் தகட்டைக் கடைக்காரர் இன்சர்ட் பிளேட் என்பார். எங்கள் கொட்டகையில் அதற்கு வாய்ப்பலகை என்று பெயர்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சில்வர் ஓக் மரத்தில் கால் கிலோ தேயிலைத் தூள் பிடிக்கும் பெட்டிகள் செய்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேயிலை பெரிய பிளைவுட் பெட்டிகளில்தான் மலை இறங்கும். உள்ளே ஈயத்தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டை. பிறகு காகிதச் சாக்கு வந்தது, பெட்டி அடிக்கிற வேலை போனது. அந்தப் பெட்டி மேல் இருந்த ஆசைதான் இந்தச் சின்னப் பெட்டி.

என்னுடைய மிஷின் பழைய வார்ப்பிரும்பு மேசை, 10 இஞ்சு பிளேடு. கோயம்புத்தூரில் செகண்ட்ஹேண்டில் வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாகப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. மிஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு வந்த வாய்த்தகடுதான் தொல்லை. பிளேடு வெட்டுவது ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தகட்டில் இருந்த திறப்போ அரை இஞ்சுக்கு மேல். பிளேடை 45 டிகிரி சாய்த்தாலும் இடிக்காமல் இருக்கவேண்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள். சாய்க்கிற வேலை வருஷத்துக்கு நாலு தடவை. மற்ற நாளெல்லாம் அந்தப் பொக்கை வாயோடு குடும்பம் நடத்தவேண்டும்.

அதனால் இரண்டு கெடுதல். மேசை ரம்பத்தில் நம் பக்கம் இருக்கும் பல் மேலிருந்து கீழாக இறங்கி வெட்டும். பலகையின் அடிப்பக்கத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் நாரைத் தாங்க ஏதாவது இருந்தால் வெட்டு கத்தரித்த மாதிரி விழும். அங்கே பள்ளம் இருந்தால் நார் கீழ்நோக்கி வளைந்து பிய்ந்துகொண்டு போகும், ஓரமெல்லாம் சிலாம்பு. சில்வர் ஓக்கில் இது இன்னும் மோசம். அந்த மரத்தின் அழகே ஜரிகை போட்ட மாதிரி மின்னுகிற செதில்கள்தான். முதலில் பிய்வதும் அதேதான். தோட்டத்தில் நிற்கிற மரமாயிற்றே என்று இங்கே யாரும் நினைத்தபடி வெட்டிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்டவேண்டும். அப்படி வந்த பலகையில் ஓரத்துக்கு ஒரு நூல் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க எனக்கு மனசு வராது.

இரண்டாவது கெடுதல் உயிருக்கே உலை வைப்பது. மூடிக்காக 4 மி.மீ. கனத்தில் பட்டிகள் அறுத்துக்கொண்டிருந்தேன். அறுபட்டு விழுந்த ஒரு பட்டி அந்தத் திறப்புக்குள் தலையை நுழைத்தது. பின்பக்கத்துப் பல் கீழிருந்து மேலே வருகிற பல். பட்டியைக் கவ்வி என் பக்கம் வீசியது. நான் எப்போதும் பிளேடுக்கு நேராக நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கித்தான் நிற்பேன். பட்டி என்னைக் கடந்து போய், தகரச் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரில் குத்தி நின்றது. வேலை பழக வருகிற என் மச்சினர் மகன் மிஷினை அணைத்துவிட்டு, காலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “மாமா, முதல்ல அந்த ஓட்டைய அடைங்க” என்றான். அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்திவிட்டு இதில் உட்கார்ந்தேன்.

எந்தப் பலகையில் செய்வது

முதல் தடவை தப்பான பொருளில் செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். கையில் சில்வர் ஓக் இருந்தது. மாசி மாதம், காற்று காய்ந்து கிடந்தது. அரை இஞ்சுப் பலகையை இழைத்து, திறப்புக்குள் கட்டை விரலால் அமுக்கினால் ‘டப்’ என்று உட்காரும்படி செய்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரிக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழையில் ஒரு வாரம் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே குடியிருந்தது. பிளேடு மாற்றலாம் என்று வாய்ப்பலகையைத் தூக்கினால் அசையவில்லை. கடைசியில் மேசைக்கு அடியில் கையை விட்டு, கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி எடுத்தேன். வெர்னியரில் பிடித்துப் பார்த்தால் அகலம் ஒரு மி.மீ.க்கு மேல் ஊதியிருந்தது. நீளம் அப்படியே இருந்தது. மரம் நார்க்குறுக்கேதான் ஊதும், நார்ப்போக்கில் அநேகமாக ஊதாது. வெட்டுவாயும் நார்ப்போக்கிலேயே இருந்ததால் அதன் முனையிலிருந்து ஒரு விரிசல் வேறு.

எம்.டி.எஃப். பலகை தட்டையாக இருக்கும், சுலபமாகச் சீவ வரும். ஆனால் எங்கள் ஊர் ஈரத்தில் ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். சமவெளியில் இருக்கிறவர்கள் வேண்டுமானால் செய்துகொள்ளலாம்.

இப்போது நான் வைத்திருப்பது 12 மி.மீ. ஷட்டரிங் பிளை. கான்கிரீட் போடுவதற்கு அடைக்கிறார்களே, இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் வழவழவென்று படலம் ஒட்டியிருக்கும், அது. தண்ணீருக்காகவே செய்தது. மேல் பக்கம் ஏற்கெனவே வழுக்கும். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அகலவாக்கில் அநேகமாக ஊதாது, வெட்டுவாயில் பிளக்காது. கட்டடம் கட்டுகிற இடத்தில் துண்டாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சிமென்ட் ஒட்டிய பழைய துண்டை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு மணல் போதும், பல்லை மழுங்கடிக்க. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, கோணல் இல்லாத துண்டாகப் பார்த்து எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை வாங்கி, மேலே சன்மைக்கா ஒட்டிக்கொள்ளலாம்.

வேலைத்தளத்துக்குத் தூக்கிப்போகிற லேசான மிஷின்களில் தகடு மெல்லியதாக இருக்கும், 12 மி.மீ. பலகை அதில் மேசைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று, ஓரத்தைச் சுற்றிலும் அடியில் படி வெட்டி மெலிக்கவேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஹைலம் ஷீட்டில் தகட்டின் கனத்துக்கே வாங்கிக்கொள்ளவேண்டும். கோயம்புத்தூரில் மோட்டாருக்கும் பம்புக்கும் பஞ்சமில்லை, ஹைலமுக்கும் இல்லை.

அச்சு எடுப்பது

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் பிளக்கைப் பிடுங்கி மேசை மேலேயே, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கவேண்டும் என்பது சட்டம்.

பழைய தகட்டை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த படியைப் பழைய பல்தேய்க்கும் பிரஷால் சுரண்டுங்கள். தூளும் பிசினும் இறுகிப்போய்க் கிடக்கும். பிறகு வெர்னியரின் பின்வாலை, அதாவது ஆழம் பார்க்கிற கம்பியை இறக்கி, மேசை மட்டத்திலிருந்து படி எவ்வளவு ஆழம் என்று நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். என்னுடையதில் ஒரு மூலை 12.9, எதிர் மூலை 12.4. வார்ப்பு அப்படித்தான் வரும். 12 மி.மீ. என்று விற்கிற பிளை அளந்தால் அதற்கும் குறைவாகவே இருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிறகு திருகு வைத்துச் சரிசெய்வோம். ஆகவே பலகை படியின் ஆழத்தைவிட மெலிந்திருக்கலாம், கனத்திருக்கக் கூடாது.

தகட்டைப் பிளை மேல் வைத்துக் கூரான பென்சிலால் சுற்றி வரைந்து, கோட்டுக்கு வெளியே அரை நூல் விட்டு ஜிக்சாவில் அறுத்தெடுங்கள். எடுத்த கையோடு நாலைந்து துண்டு அறுத்துவிடுங்கள். அச்சு எடுக்கிற பாடு ஒரு பலகைக்கும் ஐந்து பலகைக்கும் ஒன்றுதான்.

இனி ரவுட்டர், அதாவது சுற்றுகிற கத்தியால் ஓரம் சீவுகிற கைமிஷின். பழைய தகட்டிலிருக்கும் மட்டத்திருகுகளைக் கழற்றி, தின்னர் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, இரட்டைப்பக்க டேப்பால் பிளை மேல் ஒட்டுங்கள். பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் பாதி வழியில் தகடு நழுவும். ஒரு துண்டு பாழ். பேரிங் வைத்த நேர் பிட்டில், பேரிங் தகட்டின் விளிம்பிலும் கத்தி பிளையின் மேலும் மட்டும் படும்படி உயரத்தை வையுங்கள். கத்தி இரும்பைத் தொடாமல் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போடவேண்டும். ரவுட்டரைக் கடிகாரம் சுற்றுகிற திசைக்கு எதிராக ஓட்டுங்கள். தகட்டின் ஓரத்தில் பள்ளம் எங்கேயாவது இருந்தால் பேரிங் அதற்குள் இறங்கிவிடும். முன்கூட்டியே அட்டை வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் ரவுட்டரைத் தொடவேண்டாம்.

ரவுட்டர் இல்லையா? எனக்கும் அப்போது இல்லை. அரம் இருந்தது. ஃபிட்டருக்கு அரம் போதும். தொழிற்சாலையில் பேரிங் உட்காரும் இடத்தைப் பார்க்க நீலச் சாயம் தடவுவோம், ‘புளூ பார்க்கிறது’ என்போம். இங்கே சாயத்துக்குப் பதில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ். மேசைத் திறப்பின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பிளைத் துண்டைச் செருகப் பாருங்கள், உட்காராது. வெளியே எடுத்தால் முட்டுகிற இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். அந்த வெள்ளையை மட்டும் அரத்தால் எடுங்கள். மறுபடி சாக்பீஸ், மறுபடி செருகல். முதலில் ஒரே இடத்தில் பட்டையாக வெள்ளை தெரியும். போகப்போக அது ஓரமெல்லாம் பரவி, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளாகும். அந்த நிலை வந்ததும் அரத்தைக் கீழே வைத்து, 120 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். ஒரு துண்டுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது; சாயங்காலம் கரண்ட் நோஞ்சானாகி மோட்டார் திணறுகிற நேரத்துக்கு ஏற்ற வேலை.

எவ்வளவு இறுக்கம்? விரலால் அமுக்கினால் இறங்கவேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது, நீங்கள் செய்வது மாசியாக இருந்தால் ஒரு ஜெராக்ஸ் தாள் நுழைகிற இடைவெளி இருக்கவேண்டும். கார்த்திகையில் செய்தால் அந்தத் தாள் தேவையில்லை. கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டீர்கள் என்றால் பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு பக்க ஓரத்திலும் இரண்டு இரண்டு சொட்டு அரால்டைட் வைத்து, இறுகியதும் அந்தக் குமிழை அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள்ளலாம்.

அடியில் ஒரு பள்ளம்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது. பலகை அருமையாகப் பொருந்தியிருக்கும். உள்ளே வைத்தால் உட்காராது. ஏன் என்றால் பிளேடை எவ்வளவு இறக்கினாலும் 10 இஞ்சு பிளேடின் உச்சி அநேக மிஷின்களில் மேசை மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். மெல்லிய தகட்டுக்கு அது இடிக்காது, நம்முடைய 12 மி.மீ. பலகைக்கு இடிக்கும். அமுக்கிப் பிடித்துக்கொண்டு மிஷினைப் போடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். சுற்றுகிற பிளேடு மேல் பலகையைக் கையால் அமுக்குகிற வேலை எந்தக் காலத்திலும் கிடையாது.

பிளக் பிடுங்கியபடியே இருக்கட்டும். பிளேடை முழுக்க இறக்கி, உச்சியிலிருக்கும் பற்களில் சாக்பீஸ் தடவி, பலகையை மேலே வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். எங்கே இடிக்கிறது என்று அடிப்பக்கத்தில் வெள்ளை சொல்லும். அந்த இடத்தில் ஒரு பள்ளம் எடுக்கவேண்டும். நீளம் எவ்வளவு? பிளேடு பலகைக்குள் 6 மி.மீ. நுழைகிறது என்று வையுங்கள். 10 இஞ்சு வட்டத்தில் அந்த 6 மி.மீ. வில்லுக்கு நீளம் சுமார் 77 மி.மீ. வரும். நான் 100 மி.மீ. எடுத்தேன். அகலம் 8, ஆழம் 8. மேலே 4 மி.மீ. மிச்சம் நின்றால் போதும். ரவுட்டர் இருந்தால் ஐந்து நிமிடம். நான் கால் இஞ்சு உளியில் கொத்தினேன். அடிப்பக்கம்தானே, அழகு வேண்டாம்.

இன்னொரு வழி, அதே நடுத்துளை அளவுள்ள 8 இஞ்சு பிளேடு கையில் இருந்தால் முதல் வெட்டை அதில் போட்டுவிட்டு, பிறகு 10 இஞ்சை மாட்டுவது. பிளேடின் உச்சி ஒரு இஞ்சு கீழே இறங்கிவிடும், பள்ளமே வேண்டாம். என்னிடம் அப்படி ஒன்று இல்லை.

திருகும் கொக்கியும்

பலகையைத் தாங்குகிற படிக்கு நேராக நாலு மூலையில் 4.2 மி.மீ. துளை போட்டு, எம்5 டேப்பால் மரை வெட்டுங்கள். ஒட்டுகிற டேப் இல்லை, மரை வெட்டுகிற கருவி. பிளையில் மரை நிற்குமா என்று சந்தேகப்படவேண்டாம். வெட்டிய மரையில் இரண்டு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, காய்ந்ததும் டேப்பை இன்னொரு முறை ஓட்டினால் இரும்பு மாதிரி நிற்கும். உள்ளே தலையில்லாத கிரப் திருகு. துளை மேலே வரை திறந்திருப்பதால், பலகை உட்கார்ந்தபடியே 2.5 மி.மீ. ஆலன் கீயை விட்டு மேலும் கீழும் திருப்பலாம்.

மட்டம் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். நாலு மூலையும் மேசையோடு ஒரே மட்டம் என்று வைத்தால் மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு முனை மயிரிழை தூக்கிக்கொள்ளும். தள்ளுகிற பலகை அந்த இடத்தில் வந்து முட்டும். அதனால் நம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் தாள் கனம் இறக்கமாகவும், பின்பக்கம் அதே தாள் கனம் ஏற்றமாகவும் வையுங்கள். பலகை ஏறும்போது தடுக்காது. பிளேடைத் தாண்டி மேசைக்கு இறங்கும்போதும் தடுக்காது. மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டாம், ஸ்டீல் ஸ்கேலும் விரல் நுனியும் போதும்.

பின்பக்க விளிம்பில் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தலை 5 மி.மீ. வெளியே நிற்கும்படி முறுக்குங்கள். அது மேசை விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். மேலே வருகிற பின்பற்கள் பலகையைத் தூக்கி எறியாமல் இருக்க அந்தக் கொக்கிதான் காவல். பழைய தகட்டில் முன்பக்கம் திருகு போட்டுப் பிடித்திருந்தால் இதிலும் அதே இடத்தில் தலை புதைகிற மாதிரி துளை போட்டுவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாத வாய்ப்பலகையை நான் மிஷினில் ஏற்றமாட்டேன்.

விரல் விட்டுத் தூக்க 20 மி.மீ. துளை ஒன்று, நம் பக்கம், பிளேடின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி.

வாய் திறப்பது

எந்த பிளேடுக்குச் செய்கிறீர்களோ அதை மாட்டுங்கள். முழுக்க உயர்த்தி, மூலைமட்டம் வைத்து 90 டிகிரியா என்று பார்த்துச் சரி செய்யுங்கள். இப்போது விட்டுவிட்டால் பிறகு சரி செய்யும்போது வாய் அகலமாகிவிடும். மறுபடி முழுக்க இறக்கி, வாய்ப்பலகையை உட்காரவைத்து, பிளேடு அடியில் தட்டாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

இரண்டு இஞ்சு கனமுள்ள நேரான ரீப்பர் ஒன்றை, வாய்ப்பலகையின் வலது பாதி மேல் நீளவாக்கில் படுக்கவைத்து, முன்னாலும் பின்னாலும் மேசையோடு சேர்த்து கிளாம்பால் இறுக்குங்கள். பிளேடு வரப்போகிற கோட்டிலிருந்து ரீப்பர் ஒரு விரல் அகலமாவது தள்ளி இருக்கவேண்டும். 10 இஞ்சு பிளேடு மேசைக்கு மேல் 50 மி.மீ. எழும்பினால் அதன் நீளம் மேசை மட்டத்தில் 200 மி.மீ. ஆகும்; கிளாம்பு எதுவும் அந்த ஓட்டத்தில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிளக்கைச் செருகலாம். கண்ணாடி, மூக்கு மூடி போட்டு, பிளேடுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று மிஷினைப் போடுங்கள். முழு வேகம் வந்தபின் உயரச் சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கனக்கும். பிறகு பழுப்புப் படலத்தில் ஊசிக்கீறல் மாதிரி ஒரு கோடு. அது முன்னும் பின்னும் நீண்டுகொண்டே போகும். ஃபீனால் பிசின் எரிகிற நெடி வரும். நெடி அதிகமானால் வேகமாக ஏற்றுகிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் நிறுத்துங்கள். எனக்குத் தேவை 40 மி.மீ. உயரம், 50 வரை ஏற்றிவிட்டு இறக்கினேன். மிஷினை அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை கிளாம்பில் கை வைக்கவேண்டாம்.

மச்சினர் மகன் ஜெராக்ஸ் தாளை மடித்துப் பிளேடுக்கும் வாய்க்கும் இடையில் நுழைக்கப் பார்த்தான். “போகல மாமா.” “போகக்கூடாது, மாப்ளே” என்றேன்.

உங்கள் மிஷினில் பிளேடுக்குப் பின்னால், அறுபட்ட பலகையைப் பிரித்து வைக்கிற பிளவுக் கத்தி இருந்தால், வெட்டிய வாயை அதே கோட்டில் பின்பக்கம் நீட்டிவிடவேண்டும். பென்சிலால் கோடு இழுத்து ஜிக்சாவில் அறுத்தால் போதும். வாய்ப்பலகை இடிக்கிறது என்று பிளவுக் கத்தியைக் கழற்றிவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைக் கட்டிவிட்டுக் கதவைக் கழற்றுகிற வேலை அது. என்னுடைய பழைய மிஷினில் அந்தக் கத்தியே கிடையாது. அதற்காக வாயைப் பின்பக்கம் நீட்டி, அதில் பிளேடின் வெட்டுக் கனத்துக்கு மயிரிழை குறைவாக ராவிய ஹைலம் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி அரால்டைட்டால் ஒட்டியிருக்கிறேன். பிளேடு நான் ஏற்றுகிற அதிகபட்ச உயரத்தில் நிற்கும்போது பின்பல்லுக்கும் அதற்கும் 5 மி.மீ. இடைவெளி. அறுபட்ட பலகை மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் அது பிரித்து வைக்கிறது. நேர் வெட்டுக்கு மட்டும்தான் இது. பிளேடைச் சாய்த்தால் அந்தப் பலகையையே மாற்றிவிடவேண்டும்.

ஓரங்களிலும், உளி பட்ட பள்ளத்திலும், துளைகளிலும் படலம் இல்லாத பச்சை பிளை தெரியும். அங்கேதான் ஈரம் ஏறும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை தடவுங்கள். மேல் பக்கத்துக்கு வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் பலகை வழுக்கிக்கொண்டு போகும். கோத்தகிரியில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறதே என்று நானும் அதைத் தேய்த்துப் பார்த்தேன். வாசனை பிரமாதம். ஆனால் பிசுபிசுப்பு, தள்ளுகிற பலகை நின்று நின்று போனது. தேன்மெழுகைப் பெட்டிக்கு வைத்துக்கொண்டேன்.

வாய் அடைபட்டதால் கீழே போகிற காற்று குறைந்து, கொஞ்சம் தூள் மேலே வரும். சில்வர் ஓக் தூள் பட்டால் எனக்கு முழங்கை வரை அரிக்கும், அதனால் இப்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் அறுக்கிறேன்.

ஒரு பிளேடுக்கு ஒரு வாய்ப்பலகை. 2.4 மி.மீ. வெட்டுகிற மெல்லிய பிளேடுக்குத் திறந்த வாயில் 3.2 மி.மீ. பிளேடை ஏற்றினால் அது தன் அளவுக்குத் தின்றுவிடும்; அப்புறம் மெல்லியதற்கு அந்தப் பலகை உதவாது. அடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘60 பல், குறுக்கு’, ‘24 பல், நீளவாக்கு’, ‘45 டிகிரி’. சாய்வுக்குச் செய்யும்போது அடிப்பள்ளத்தைச் சாய்கிற பக்கமாக அகலப்படுத்தவேண்டும். கிரப் திருகோ கொக்கி ஸ்க்ரூவோ பிளேடு சாய்ந்து வருகிற பாதையில் இல்லை என்பதைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதி செய்யவேண்டும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

மறுநாள் அதே 4 மி.மீ. பட்டிகள் அறுத்தோம். அறுபட்ட பட்டி பிளேடுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தது. குச்சியால் தள்ளி எடுத்தோம். அடிப்பக்கத்து ஓரத்தில் விரலை ஓட்டினால் சிலாம்பு ஒன்றுகூட மாட்டவில்லை. ஒரு பலகைக்கு ஐந்து மூடி வந்துகொண்டிருந்தது இப்போது ஆறு வருகிறது.

பழைய தகட்டைத் தூக்கிப் போடவில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த பிளைத் துண்டு வந்தால் அதுதான் அச்சு.